வெற்றிலை கடந்த சவ்வை மருந்து கடக்குமா?

'நனோ' என்ற சொல்லை இலங்கையின் சாதாரண வாசகன் அதிகம் கேட்டது 2021ஆம் ஆண்டில். இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, வயலும் தேயிலையும் வாடத் தொடங்கிய பின்னர், இந்தியாவிலிருந்து 'நனோ நைதரசன்' என்ற திரவ உரம் விமானத்தில் வந்திறங்கியது. அன்று முதல் நம்மவரிடையே அச்சொல்லுக்கு ஒரு கேலித் தொனி ஒட்டிக்கொண்டது. ஏமாற்றும் பொருளுக்கெல்லாம் நனோ என்று பெயர் வைப்பது ஹட்டன் தேநீர்க்கடை வரை பரவியது. இக்கட்டுரை உரத்தைப் பற்றியதன்று. அதே சொல் மருத்துவத்தில் குறிக்கும் வேறொரு விடயத்தை, குறிப்பாக நம் மலையக மக்களின் வாயோடு தொடர்புடைய ஒன்றை, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாயோடு என்று எழுதியது உவமையாக அன்று. கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் உள்ள ஈரமான மெல்லிய உறையைப் பாடப் புத்தகங்கள் சீதமென்சவ்வு என்கின்றன. அந்தச் சவ்வில் வருகின்ற புற்றுநோயே இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய்களுள் ஒன்று. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு பரவியுள்ளன என்பதைப் பேராதனைப் பல் மருத்துவ பீட ஆய்வாளர்கள் நேரில் சென்று பரிசோதித்து, 2007ஆம் ஆண்டில் சர்வதேச மருத்துவ இதழொன்றில் வெளியிட்டிருந்தனர். ஆணுக்கு நிகராகப் பெண்ணும் வெற்றிலை போடும் சமூகம் தோட்டச் சமூகம். எனவே அங்கே இதனை ஆண்களின் நோய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

மருந்தூட்டும் முறைகளை ஆராயும் விஞ்ஞானிகள் வெற்றிலைக் கூட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தால் வியந்து போவார்கள். அவர்கள் ஆய்வுகூடத்தில் பல்லாண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பதை நம் பாட்டிமார் எப்போதோ கண்டுபிடித்துவிட்டனர். பாக்கில் அரிக்கோலின் என்ற காரப்பொருள் இருக்கிறது. புகையிலையில் நிக்கொட்டின் இருக்கிறது. இவை சாதாரண நிலையில் சவ்வை எளிதில் கடப்பதில்லை. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயின் காரத்தன்மை உயர்கிறது. அப்பொருட்கள் மின்னேற்றம் இழந்து, கொழுப்பில் கரையும் வடிவுக்கு மாறி, சவ்வினூடாக வழுக்கிச் செல்கின்றன. சவ்வின் அடியிலுள்ள நுண்குழாய்களில் கலந்து, ஈரலைத் தொடாமலே இரத்த ஓட்டத்தில் சேர்கின்றன. பனியிலும் மழையிலும் மலைச்சரிவில் நிற்பவளுக்கு அந்தச் சூடும் பசி மறப்பும் சில நிமிடங்களில் கிடைப்பது இதனாற்றான். இருதய நோயாளருக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையும் இதே வழியிற்றான் வேலை செய்கிறது. வில்லியம் முரல் என்ற ஆங்கிலேய வைத்தியர் நைத்திரோகிளிசரினை நெஞ்சு வலிக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியது 1879ஆம் ஆண்டில். கங்காணிமார் காலத்தில் கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்களின் மடியிலிருந்த வெற்றிலைப் பை அதற்கு முந்தியது.

ஆனால் கடந்து செல்வது சுகம் மட்டுமன்று. பாக்கின் இரசாயனங்கள் சவ்வின் அடித்தளத்திலுள்ள நார்ப்பொருளைப் பெருகச் செய்கின்றன. பாக்கிலுள்ள செப்பு அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. கன்னம் தோலைப் போல விறைக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. பின்னர் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. ஒரு கவளம் சோறு உள்ளே போவதே பாடாகிறது. சிலருக்கு இது புற்றாக மாறுகிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் 1985ஆம் ஆண்டிலேயே புற்றுக் காரணி என அறிவித்தது. பாக்கு தன்னளவிலேயே புற்றுக் காரணிதான் என்று 2004இல் வெளியான அதன் அறிக்கை கூறியது. 'நான் போயிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று ஆறுதல் கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் இது.

இனி நனோவுக்கு வருவோம். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். அந்த அளவிலான சில நூறு நனோமீற்றர் துணிக்கைகளுக்குள் மருந்தை அடைத்து உடலின் ஈரச் சவ்வுகளினூடாக அனுப்புவதே இத்துறையின் நோக்கம். இது எழுதுவது போல இலகுவானதன்று. சவ்வுகளின் மேல் படர்ந்திருக்கும் சளி ஒரு காவல் வலை. வெளியிலிருந்து வரும் தூசியையும் கிருமியையும் பிடித்து, ஒட்டவைத்து, வழித்து வெளியேற்றுவதே அதன் தொழில். மருந்துத் துணிக்கையையும் அது விருந்தாளியாகக் கருதுவதில்லை.

சிறியதாகச் செய்தால் வலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும் என்றே எவரும் நினைப்பர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற வழுக்கும் பொருளால் நன்றாகப் போர்த்தப்பட்ட 500 நனோமீற்றர் துணிக்கை, மனிதச் சளியினூடே, நீரில் செல்வதைவிட நான்கு மடங்கு மெதுவாக மட்டுமே சென்றது. அதே போர்வை போர்த்திய 100 நனோமீற்றர் துணிக்கையோ 200 மடங்கு மெதுவாகியது. பெரியது முந்திவிட, சிறியது வலையின் சிறு பொந்துகளில் அலைந்து பின்தங்கிவிட்டது. இந்த ஆராய்ச்சி வழியில் பிறந்த கண் சொட்டு மருந்துகள் இரண்டு 2018இலும் 2020இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அனுமதியைப் பெற்றன. ஆகவே இது ஆய்வுகூடக் கனவு என்று சொல்லிவிட முடியாது.

வாயின் கதை சற்று வேறு. அங்கே உமிழ்நீர் ஓயாது ஊறிக் கழுவிக்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லீற்றர் அளவுக்கு ஊறும் என்பர். நாக்கு சும்மா இருப்பதில்லை. எனவே வாயில் வழுக்கும் துணிக்கையைவிட ஒட்டும் துணிக்கையே பயன்படும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற பொருள் நேர் மின்னேற்றம் உடையது. சளியோ எதிர் மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதுமட்டுமன்றிக் கைட்டோசான் சவ்வின் கலங்களுக்கிடையிலான இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்தி மருந்துக்கு வழி விடுகிறது.

2022ஆம் ஆண்டில் 'நேச்சர் கொமியூனிகேசன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இந்த வழியைப் பின்பற்றியதே. சிஸ்பிளாட்டின் என்ற பழைய புற்றுநோய் மருந்தை நனோதுணிக்கைகளில் ஏற்றி, அவற்றைக் கைட்டோசான் ஒட்டுத்துண்டு ஒன்றில் பொதித்து, வாய்ப் புற்றுக் கட்டியின் மேலேயே ஒட்டினர். சிஸ்பிளாட்டினை நாளத்தில் ஏற்றினால் சிறுநீரகம் கெடும், செவிப்புலன் மங்கும், வாந்தி வாட்டும். ஒட்டுத்துண்டில் கொடுத்தபோது மருந்து கட்டியிலேயே தங்கியது. இரத்தத்தில் மிகச் சொற்பமே கலந்தது. பரிசோதனையில் பங்குபற்றியோர் 10 பேர். ஒரு வாரமளவில் கட்டியின் பருமன் சராசரியாக 69 வீதம் குறைந்ததாக அறிக்கை கூறுகிறது.

பத்துப் பேர் என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அறிவியற் செய்தியில் முதலில் தேட வேண்டியது எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை. தலைப்பு எழுதுவோர் முதலில் வெட்டி எறிவதும் அந்த எண்ணிக்கையைத்தான். பத்துப் பேரிடம் கண்ட பலன் ஆயிரம் பேரிடம் நிற்குமா, ஆண்டுகள் கடந்து புற்று மீளாதிருக்குமா என்பவற்றுக்குப் பெரிய பரிசோதனைகளே விடை சொல்ல வேண்டும். அது சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஆரம்பக் கட்டத்துக் கட்டிக்குக் கொடுத்த மருந்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் இந்த முயற்சியின் திசை சரியானது என்பது என் கருத்து. நோய் சவ்வில் இருக்கையில் உடல் முழுவதையும் நஞ்சில் நனைக்கத் தேவையில்லை. வாய் இறுகிய நோயாளருக்கு இன்று கன்னத்துள் ஊசியால் மருந்தேற்றும் சிகிச்சை உள்ளது. வலியுடையது, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டியது. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ கண்டிக்கு வந்து போகும் ஒருவருக்கு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாட் சம்பளம் போகும். அந்த மருந்தையே ஒட்டுத்துண்டாகத் தோட்ட டிஸ்பென்சரியில் வைத்துக் கொடுக்க முடிந்தால் அது சிறிய காரியமா?

இவ்விடத்தில் இருவகையான மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். முதலாவது, 'வெற்றிலையை விடச் சொல்லுங்கள், நனோ எதற்கு?' என்பது. விடச் சொல்லத்தான் வேண்டும். 2016 செப்டெம்பரில் புகையற்ற புகையிலைப் பொருட்களின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. அது நல்ல சட்டம். ஆனால் வெற்றிலைக் கூறு விற்கும் பெட்டிக்கடைகள் மலையக நகரங்களின் பஸ் நிலையங்களில் அப்படியே இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, இறுகிய வாய், பழக்கத்தை விட்ட மறுநாள் நெகிழ்ந்துவிடாது என்பது. முப்பது ஆண்டுகள் மென்றவரிடம் ஒழுக்கம் போதித்துவிட்டு அனுப்புவது வைத்தியம் ஆகாது. காலை உணவுக்கும் மதிய நிறுவைக்கும் இடையே வெறும் வயிற்றோடு குளிரில் நிற்பவர்கள் எதற்காக மெல்லுகிறார்கள் என்பதைக் கேளாமல் போதிப்பது இன்னும் மோசம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. 'வைத்தியரே இல்லாத தோட்டத்துக்கு நனோ மருந்து எதற்கு?' என்பது. இதற்கு விடை சொல்ல நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் மன்றத்தின் சர்வதேசச் சுகாதார சபை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. கொக்கிப்புழுவும் ஒரு சீதமென்சவ்வு நோய்தான். குடலின் உட்சவ்வைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிப்பது அது. அன்றைய நவீன மருந்து கெனோபோடியம் எண்ணெய். தொழிலாளரை வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்கள். தலைசுற்றல், வாந்தி எல்லாம் உண்டு; ஆனாலும் புழு விழுந்தது. விழுந்த புழு மீண்டும் வந்தது. லயங்களுக்கு மலசலகூடம் இல்லை. வெறுங்காலோடு மிதிக்கும் மண்ணிலேயே புழுவின் குடம்பிகள் இருந்தன. மலசலகூடம் கட்டுவதற்குத் துரைமார் பலர் முன்வரவில்லை. மருந்து கொடுப்பது அவர்களுக்கு மலிவு; மருந்தையும் அமெரிக்கர் பார்த்துக்கொண்டனர். மருந்து தன் வேலையைச் செய்தும் நோய் போகவில்லை என்ற விசித்திரத்தை அத்தோட்டங்கள் கண்டன.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு நவீன மருந்து வேண்டாம் என்று முடிவு செய்வது தவறு. மருந்தோடு சேர்ந்து வர வேண்டியது எது என்று கேட்பதே பொருத்தம். வாய்ப் புற்றைப் பொறுத்தவரை அது மலசலகூடமன்று. யாராவது ஒருவர் நேரத்தோடு வாயைத் திறந்து பார்ப்பது. ஒட்டுத்துண்டு ஆரம்பக் கட்டிக்குத்தான் உதவும். நமது மக்கள் வைத்தியசாலைக்கு வரும்போது கட்டி ஆரம்ப நிலையில் இருப்பது அரிது. வலி வந்த பின்னரே வருகிறார்கள். இந்த நோயோ வலி இல்லாமலே வளர்வது. வெண்படலமும் சிவந்த திட்டும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒரு தொல்லையும் தராமல் இருந்துவிடும்.

வாயைப் பார்ப்பதற்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. 1980களிலேயே இலங்கையில் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து அவர்களைக் கொண்டே வாய்களைப் பரிசோதிக்கச் செய்து காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1984இல் அது வெளியாகி, பிற நாடுகளுக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. ஊழியர்கள் நோயைச் சரியாக இனங்கண்டனர். சிக்கல் வேறிடத்தில் இருந்தது: மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் வரவே இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கி நடந்த பாரிய ஆய்வின் முடிவு 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. வீடு வீடாகச் சென்று வெறும் கண்ணால் வாயைப் பார்த்ததன் பயனாக, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்று மரணம் சுமார் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. மின்விளக்கு ஒன்றும், பயிற்சி பெற்ற கண்ணும் செய்த காரியம் அது.

ஆகவே நான் இரண்டையும் கேட்கிறேன். ஒன்றைத் தந்தால் மற்றது வேண்டாம் என்ற பேரத்துக்கு மலையக மக்கள் நெடுங்காலம் இணங்கி இருந்துவிட்டனர். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இயங்குகிறது. யூரியாவை மெதுவாக வெளிவிடும் நனோ உரத்தை அதன் ஆய்வாளர்கள் உருவாக்கி 2017இல் உலகத் தரமான இதழில் வெளியிட்டனர். தகுதியில் குறைந்தவர்கள் அல்லர். பேராதனையில் வாய்ச் சவ்வு நோய்கள் பற்றி உலகம் மதிக்கும் அறிவு இருக்கிறது. இரு நிறுவனங்களுக்குமிடையே உள்ள தூரம் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். வாய்ச் சவ்வுக்கான மருந்து ஒட்டுத்துண்டு ஒன்றை இந்நாட்டின் சொந்த ஆய்வுப் பணியாக எடுத்துக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே இருக்கிறது? நோய் இங்கே இருக்கிறது. அமெரிக்காவில் வாய்ப் புற்று பெரும்பாலும் சிகரெட்டாலும் மதுவாலும் வருவது. பாக்கால் இறுகிய தடித்த சவ்வில் அங்கே செய்த ஒட்டுத்துண்டு அதேபோல வேலை செய்யும் என்று எவரும் உறுதி கூற முடியாது. நார் இறுகிய சவ்வில் மருந்து எவ்வளவு ஆழம் செல்லும் என்பது நம்முடைய கேள்வி. நாம் கேளாவிட்டால் வேறு எவரும் கேட்கப் போவதில்லை.

பரிசோதனை என்று வரும்போது ஓர் எச்சரிக்கை. தோட்டத் தொழிலாளி 'சரி' என்று சொல்வதற்கும் சம்மதிப்பதற்கும் வேறுபாடு உண்டு. தோட்ட நிர்வாகத்தின் கட்டடத்தில், நிர்வாகத்தின் ஆட்கள் முன்னிலையில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட படிவத்தில் பெறப்படும் கையெழுத்து சம்மதம் ஆகாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும். அதுவும் இக்கட்டுரையில் நான் எழுதும் தமிழில் அன்று, அவர்கள் பேசும் தமிழில். மருந்து வெற்றி பெற்றால் அது எந்த விலைக்கு, எந்த வைத்தியசாலையில் அவர்களுக்குக் கிடைக்கும் என்பது தொடங்கு முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட ஆதார வைத்தியசாலை இருக்கிறது. பரிசோதனையும் சிகிச்சையும் அங்கே நடக்கட்டும். நோயாளி மகரகமவுக்கு வருவதைவிட வைத்தியர் டிக்கோயாவுக்கு வருவது எளிது.

மருந்து வரச் சில ஆண்டுகள் செல்லும். அதற்கிடையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மலையிலுள்ள அனைவரும் ஓரிடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கைவிளக்கோடு அங்கே வந்தால் ஒரு டிவிசன் முழுவதையும் இரண்டு மூன்று நாட்களில் பார்த்து முடித்துவிடலாம். சந்தேகம் உள்ளவருக்குத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதோடு கதை முடிந்துவிடுகிறது என்பதை 1980களின் அனுபவம் காட்டியிருக்கிறது. அவர் ஏன் போவதில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். போன நாளுக்குப் பேர் விழாது. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த முறை சம்பளப் பேச்சுக்கு அமரும்போது, துண்டோடு வைத்தியசாலைக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர் போடுவது என்ற ஒரு வரியையும் உடன்படிக்கையில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.